ஐந்து கட்டைச் சுருதியும் ஒன்பதாம் தரத்துப் பையன்களும்: கொழும்புப் பாடசாலையில் சங்கீதம்

கொழும்பின் தென்பகுதியில், கடற்கரை ரயில் பாதையின் ஓசை கேட்கும் தூரத்தில் இருக்கும் ஒரு தமிழ்மொழிமூலக் கலவன் பாடசாலையில் அண்மையில் தரம் 9 சங்கீத வகுப்பு ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். சங்கீதத்துக்கென்று தனி அறை இல்லை. மேல்மாடியின் மூலை வகுப்பறையில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஆசிரியை தன் கைபேசியில் தம்புராச் செயலியைத் திறந்து, சுருதியை ஐந்து கட்டையில் வைத்து, உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியோடு இணைத்தார். (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. எண் கூடினால் சுருதி உயரும்.) தொண்டையைப் பதப்படுத்த மாயாமாளவகௌளை இராகத்தில் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். இடையில் ரயில் ஒன்று கடந்தது. குரல்கள் அதற்குள் அமிழ்ந்துபோக, தொடைகளில் விழும் தாளம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ரயில் போய்க் குரல்கள் மீண்டும் மேலே வந்தபோதுதான் கவனித்தேன். கடைசி வரிசையில் இருந்த ஏழெட்டுப் பையன்களின் கைகள் சரியாகத் தாளம் போட்டன, உதடுகள் அசைந்தன, குரல் மட்டும் வரவில்லை.

பெண் பிள்ளைகள் பாடுகிறார்கள், பையன்கள் வாயசைக்கிறார்கள். கொழும்பில் சங்கீதம் கற்பிப்பவர்கள் எல்லோரும் அறிந்த காட்சி இது. பெரும்பாலும் இதை வெட்கம் என்றோ அக்கறையின்மை என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். காரணம் உடலில் இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் பிள்ளையின் குரல்வளை பெருக்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரையான அளவு) கீழே இறங்குகிறது. அது ஒரே இரவில் நடப்பதில்லை. பல மாதங்களுக்குக் குரல் எங்கே நிற்கும், எங்கே உடையும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. பெண்களுக்கு இயல்பான சுருதி ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்ற அளவில் அமைகிறது. குரல் உடைந்த ஆணுக்கு அது ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. ஐந்து கட்டையில் ஓடும் வகுப்பில் அந்தப் பையன் பெண் பிள்ளைகளின் இடத்திலேயே ஷட்ஜத்தை, அதாவது ஸவைப் பிடித்தால் மேல் ஷட்ஜம் எட்டாது. ஒரு ஸ்தாயி இறங்கிப் பிடித்தால் ஷட்ஜமே தொண்டைக்குள் புதைந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் இடமில்லாத பிள்ளை வாயை அசைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஏன் ஐந்து கட்டை? பெரும்பாலான சங்கீத ஆசிரியர்கள் பெண்கள், அவர்களுடைய சொந்தச் சுருதி அது. வகுப்பில் பெரும்பான்மையும் பெண் பிள்ளைகள். முப்பத்தைந்து பேரை ஒரே நேரத்தில் பாடவைக்க ஒரே சுருதிதான் வழி என்று ஆகிவிட்டது. யாரும் நினைத்துச் செய்த அநீதி அல்ல இது. ஆனால் இதன் விளைவு எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்க்க, நம் பாடசாலைகளில் சங்கீதம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

இலங்கைப் பாடத்திட்டத்தில் தரம் 6இலிருந்து 9 வரை அழகியல் பாடங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற தெரிவுகளில் பாடசாலையில் எதற்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே நடைமுறையில் தெரிவாகிறது. தரம் 10இல் இரண்டாவது தெரிவு வருகிறது. க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் உண்டு. மிச்சம் மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பவை. சங்கீதம் அதில் ஒரு தொகுதிக்குள் இருக்கிறது. தரம் 9இன் கடைசியில் படிவம் வருகிறது, பெற்றோர் கையெழுத்து வைக்கிறார்கள். அதாவது பையனின் குரல் உடையும் ஆண்டும் சங்கீதத்தைத் தொடர்வதா விடுவதா என்று அவன் முடிவெடுக்கும் ஆண்டும் ஒன்றாக வருகின்றன. எந்தப் பிள்ளை, தனக்கே அந்நியமாகிவிட்ட குரலை நம்பி அந்தக் கட்டத்தில் அடையாளம் இடுவான்? சித்திரம் எடுக்கிறான். பிறகு உயர்தரத்துச் சங்கீத வகுப்பில் ஆண் பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது என்று ஆச்சரியப்படுகிறோம்.

தெரிவை நிர்ணயிக்கும் இன்னொரு சக்தி ஏ சித்தி. ஒன்பது பாடத்திலும் ஏ எடுக்க வேண்டும் என்பது கொழும்பில் ஒரு வீட்டின் கௌரவமாகிவிட்டது. ஏ என்றால் 75 புள்ளியும் அதற்கு மேலும். சங்கீதத்துக்கு எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. இராக லட்சணத்தையும் தாள அங்கங்களையும் பாடல் இயற்றிய வாக்கேயகாரர் வரலாற்றையும் மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். செயன்முறையில் பரீட்சகர் முன்னால் உட்கார்ந்து பாட வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது. ஆகவே அந்தத் தொகுதியில் சங்கீதத்தை எடுக்கத் துணிபவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பாடசாலைக்கு வெளியே ஏற்கெனவே பல ஆண்டுகள் கற்றவர்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாலையில் நடந்தால் அவர்களைக் கேட்கலாம். மாடி வீட்டு யன்னல்களிலிருந்து வர்ணம் கேட்கும், இரண்டு வீடு தள்ளி வயலின், எதிர்ப்புறத்தில் நட்டுவாங்கம். அந்தப் பிள்ளைகள் வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு ஒவ்வொன்றாகத் தோற்றுகிறார்கள். 1931இல் தொடங்கிய சபை அது. அதன் கடைசிப் படியான கலாவித்தகர் பட்டத்துக்கு இன்றும் மதிப்புண்டு. இப்படிப் படிப்படியாக ஏறி வந்த பிள்ளைக்குச் சாதாரண தரச் சங்கீதத் தாள் கடினமானதல்ல.

இதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. கணிதத்துக்கும் வெளி வகுப்பு உண்டு, விஞ்ஞானத்துக்கும் உண்டு. ஆனால் கணிதத்தைப் பாடசாலை முழுமையாகக் கற்பிக்க முயல்கிறது, வெளி வகுப்பு அதற்குத் துணை. சங்கீதத்தில் அது தலைகீழ். வெளியே கற்கிறார்கள், பாடசாலை அளக்கிறது. ஒரு பாடசாலைப் பாடம் பாடசாலைக்கு வெளியே வாங்கிய ஒன்றை அளக்கும் கோலாக மாறினால், வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது?

கொழும்பின் வரைபடத்தில் இந்தக் கேள்வி இன்னும் துலக்கமாகத் தெரியும். வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் யாழ்ப்பாணத்து மத்தியதரக் குடும்பங்கள் பெருமளவில் குடியேறிய பகுதிகள். கொழும்புத் தமிழ்ச் சங்கம், சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், இராமகிருஷ்ண மிஷன் எல்லாம் இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. அரங்கேற்றமோ இசைவிழாவோ எது நடந்தாலும் பிள்ளை நடந்து போய்க் கேட்டுவிட்டு வரலாம். வடக்கே கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் தமிழர் தொகை குறைவல்ல. தோட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த மலையகக் குடும்பங்கள், துறைமுகத்தையும் சந்தையையும் நம்பி வாழும் குடும்பங்கள். அங்கேயும் வெளி வகுப்புகள் உண்டு. ஆனால் மாதக் கட்டணம் என்று ஒன்றை ஒதுக்குவது எல்லா வீட்டுக்கும் இயலாது. அந்தப் பிள்ளைக்குச் சங்கீதம் கிடைக்கக்கூடிய இடம் பாடசாலை ஒன்றுதான்.

அங்கே அவளுக்குக் கிடைப்பது எவ்வளவு? வாரத்துக்கு மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். மொத்தம் 120 நிமிடம். முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதைப் பங்கிட்டால் ஒருவருக்கு மூன்றரை நிமிடம்கூட வராது. விளையாட்டுப் போட்டிக் காலத்தில் அதுவும் இல்லை. தவணைப் பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடவேளையைக் கணிதமோ விஞ்ஞானமோ கடன் கேட்கும், கடன் திரும்பி வராது. கர்நாடக சங்கீதப் பயிற்சி முறையோ இதற்காக உருவானது அல்ல. குருவின் வீட்டில் இருந்து விடியற்காலையில் 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகம் செய்து, நாளெல்லாம் கேட்டுக் கேட்டுக் கற்ற ஒரு வாழ்க்கைக்காக அமைந்தது அது.

மாயாமாளவகௌளையையே எடுத்துக்கொள்வோம். முதல் பாடங்களை இந்த இராகத்தில் தொடங்கும் வழக்கத்தைப் புரந்தரதாசருடன் (1484–1564) இணைத்துச் சொல்வது மரபு. மேளகர்த்தா எனப்படும் 72 தாய் இராகங்களில் இது 15ஆவது. இதைத் தேர்ந்ததில் ஆழமான கற்பித்தல் அறிவு இருக்கிறது. ஸரிகம என்ற கீழ்ப்பாதியில் ஒரு சிறிய இடைவெளி, ஒரு பெரிய தாவல், மறுபடி ஒரு சிறிய இடைவெளி. பதநிஸ என்ற மேல்பாதியில் அதே அமைப்பு அப்படியே திரும்ப வருகிறது. கீழ்ப்பாதியைக் காதும் தொண்டையும் பிடித்துவிட்டால் மேல்பாதி தானாக வரும். சிறிய இடைவெளியைச் சுத்தமாகப் பாடக் கற்ற தொண்டைக்குப் பிறகு எந்த இராகமும் அந்நியமாக இராது. ஆனால் அந்தப் பலன் தினமும் பாடுகிறவருக்கு உரியது. வாரத்தில் மூன்று நாள், வீட்டில் சுருதிப்பெட்டி இல்லாமல், பயிற்சி செய்ய ஓர் அறையும் இல்லாமல் இருக்கும் பிள்ளை அந்தச் சின்ன ரிஷபத்தை, அதாவது ரியைப் பிடிக்குமுன்பே தவணை முடிந்துவிடுகிறது. தரம் 6இல் முதல் மூன்று மாதம் பாட்டே பாடாமல் வரிசை மட்டும் பாடிய பிள்ளைக்குச் சங்கீதம் என்பது ஒரு வாய்ப்பாடு. என் எண்ணத்தில், பாடசாலை வகுப்பு பாட்டில் தொடங்கி வரிசைக்கு வர வேண்டும். தெரிந்த பாட்டு ஒன்றை எல்லோரும் சேர்ந்து பாடி, அதற்குள் இருக்கும் ஸ்வரங்களைப் பிறகு இனங்காட்டலாம். மரபு இதனால் குறைந்துவிடாது. தெருவிலும் கோயிலிலும் கேட்டுத்தான் குருகுலத்துக்கே பிள்ளைகள் வந்தார்கள்.

சைவப் பிள்ளைகளுக்கு அந்தத் தெரிந்த பாட்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடுகிறார்கள், சைவநெறிப் பாடத்தில் பதிகங்களை மனனம் செய்கிறார்கள். இரண்டாம் திருமுறை இந்தளப் பண்ணில் தொடங்குகிறது. அந்தப் பண் ஓதுவார் மரபில் இன்று மாயாமாளவகௌளையில் பாடப்படுவது. முதல் திருமுறையின் தொடக்கமான நட்டபாடை கம்பீரநாட்டையில் ஒலிக்கிறது. சமய பாட ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரே வாரத்தில் ஒரே பதிகத்தை எடுத்தால் போதும், வாரத்தின் மூன்று பாடவேளை ஐந்தாகிவிடும். ஒரு சதமும் செலவில்லாத வேலை இது. ஆனால் இரண்டு பாடத்துக்கும் இரண்டு ஆசிரியர் வழிகாட்டி, இரண்டு வேலைத்திட்டம். அவை ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

சைவர் அல்லாத பிள்ளைக்கு? கொழும்பின் தமிழ்மொழி வகுப்பறையில் கிறிஸ்தவப் பிள்ளையும் இருக்கிறாள், சில பாடசாலைகளில் முஸ்லிம் பிள்ளையும் இருக்கிறாள். கர்நாடக சங்கீதப் பாடத்தின் உருப்படிகளில் பெரும்பகுதி இந்துத் தெய்வங்களைப் பற்றியவை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழி வந்த தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இதே இராகங்களில், இதே தாளங்களில் ஞாயிறு தோறும் தேவாலயங்களில் பாடப்படுகின்றன. தான் ஏற்கெனவே கர்நாடக சங்கீதம் பாடுகிறேன் என்பது அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தெரிவதில்லை. மலையக வீட்டுப் பிள்ளைக்குத் தப்பின் அடிகள் கையோடு வந்தவை. காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்த குடும்பம் அவனுடையது. அந்த அடிகளுக்குள் இருக்கும் கணக்கை வைத்தே அவனுக்குத் தாளம் கற்பிக்கலாம். ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும்போது நாதஸ்வரமும் தவிலும் இந்த நகரத்தின் நடுவீதியில் ஒலிக்கின்றன. தவிலுக்கு இணுவில் தட்சிணாமூர்த்தியைத் (1933–1975) தந்த நாட்டின் தலைநகரத்துப் பிள்ளைக்கு அந்த வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்கப் பாடசாலையில் வாய்ப்பில்லை.

கொழும்புக்கே உரிய இன்னொரு விடயம் இருக்கிறது. இருமொழி, மும்மொழிப் பாடசாலை ஒன்றின் நடைபாதையில் சங்கீதப் பாடவேளையில் நடந்து பாருங்கள். ஓர் அறையில் தமிழ்ப் பிள்ளைகளின் கர்நாடக சங்கீதம். அடுத்த அறையில் சிங்களப் பிள்ளைகளின் கீழைத்தேய சங்கீதம், வட இந்திய முறையை அடியொற்றியது. மூன்றாவதில் மேலைத்தேய சங்கீதம், பியானோவோடு. அரசு மூன்றையும் தனித்தனிப் பாடமாகவே நடத்துகிறது. ஒரே ஆர்மோனியத்தில் ஒரே ஏழு எழுத்துகளை முதல் இரண்டு அறைகளும் பாடுகின்றன. ஆனால் சுத்த ரிஷபம் என்று தமிழ்ப் பிள்ளை சொல்வது ஷட்ஜத்துக்கு மிக அருகில் இருக்கும் சிறிய ரி. சுத்த ரி என்று சிங்களப் பிள்ளை சொல்வது அதற்கு அடுத்த பெரிய ரி. நம் சங்கராபரணம் அவர்களுக்குப் பிலாவல், மூன்றாவது அறையில் மேஜர் ஸ்கேல். மூன்று பெயரும் ஏறத்தாழ ஒரே ஸ்வர வரிசைக்கு. நாற்பது நிமிடத்தில் மூன்று வகுப்பையும் ஒரு மண்டபத்தில் இருத்தி இதைப் பாடிக் காட்டலாம். காலையில் ஒரே மெட்டில் இரண்டு மொழியில் தேசிய கீதம் பாடிவிட்டுப் பிரிந்துபோகும் பிள்ளைகள், இசையில் அதற்கப்பால் ஒருவரையொருவர் கேட்பதேயில்லை.

ஆசிரியர் எங்கிருந்து வருகிறார் என்பதும் இதில் ஒரு முடிச்சு. தமிழ்மொழியில் கர்நாடக சங்கீதப் பட்டம் என்றவுடன் நினைவுக்கு வருபவை இரண்டு இடங்கள். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கி 1975இல் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் ஒன்று. மட்டக்களப்புக் கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் மற்றது. கொழும்பில் 2005இலிருந்து கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் இசைக் கல்வி முதன்மையாக வட இந்திய, மேலைத்தேய இசைகளைச் சார்ந்தது. ஆகவே கொழும்பின் சங்கீத ஆசிரியை பெரும்பாலும் வடக்கிலோ கிழக்கிலோ பயின்றவர். அங்கிருந்து நியமனம் பெற்று வருபவருக்கு இந்த நகரத்தின் வாடகை ஒரு சுமை, சொந்த ஊர் இடமாற்றம் ஒரு கனவு. அது இயல்பு. ஒருவர் போய் அடுத்தவர் வரும் வரை அந்தப் பாடவேளை வெறுமையாகக் கிடக்கும். சித்திரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பிறகு திரும்பி வருவதில்லை.

கொரோனாக் காலம் இந்தப் பாடத்தின் நிலையைத் திரை நீக்கிக் காட்டியது. சூமில் சேர்ந்து பாட முடியாது. ஓசை போய்வர எடுக்கும் அந்தக் கணநேரத் தாமதத்தில் தாளம் சிதறிவிடும். எல்லோரும் ஒலியை அடைத்துக்கொண்டு, ஆசிரியை பாடுவதைப் பார்த்துத் தனியே பாடினார்கள். 2020ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. செயன்முறைப் பரீட்சைகளை நடத்த முடியாமல் போனதால், அந்தச் செப்டெம்பரில் பெறுபேறுகள் வெளியானபோது அழகியல் பாடங்களின் பெறுபேறு மட்டும் அதில் இல்லை. நாடு எடுத்த அவசர முடிவு, வேறு வழி குறைவாக இருந்திருக்கலாம். ஆயினும் பல ஆண்டு பாடிய ஒரு பிள்ளை தன் பெறுபேற்றுத் தாளில் அந்த ஒரு வரி இல்லாததைப் பார்த்தபோது என்ன விளங்கிக்கொண்டிருப்பாள்?

2025இல் புதிய கல்விச் சீர்திருத்தம் பேசப்பட்டபோது வரலாறும் அழகியலும் என்னவாகும் என்ற கேள்வியே சத்தமாக எழுந்தது. அழகியல் இருக்க வேண்டும் என்று பலர் எழுதினார்கள், நானும் அந்தப் பக்கமே. ஆனால் அந்த வாதத்தில் பெரும்பகுதி பாடம் கட்டாயமா, விருப்பமா என்பதோடு நின்றுவிட்டது. பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அதிகம் கேட்கவில்லை. கட்டாயமாக்கினாலும் ஐந்து கட்டையில் அந்தப் பையனுக்குக் குரல் வராது.

நான் இருந்த வகுப்பில் கீர்த்தனை ஒன்று முடிந்து, மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. நடுவில் யாரோ ஆசிரியையை அழைத்ததால் தம்புரா அறுந்து நின்றது. அழைப்பைத் துண்டித்துவிட்டுச் செயலியை மறுபடி திறந்தவர், என்ன நினைத்தாரோ, கட்டையை மாற்றினார். "தம்பிமார் மட்டும் முன்னுக்கு வாருங்கள், பிள்ளைகள் தாளம் போடுங்கள்" என்றார். ஒரு கட்டை. கனத்த, தாழ்ந்த நாதம் அறைக்குள் இறங்கியது. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பாட வேண்டாம். இதை மட்டும் பிடியுங்கள்" என்று ஷட்ஜத்தைக் காட்டினார். முதலில் ஒருவன் பிடித்தான், பிறகு மற்றவன். ஒரு குரல் நடுவில் உடைந்து கீச்சிட்டது. யாரும் சிரிக்காதபடி ஆசிரியை கையை மட்டும் உயர்த்தினார். பிறகு பஞ்சமம். பிறகு மெதுவாக ஸரிகம. கடைசியில் நின்ற மெலிந்த பையன் மேல் ஷட்ஜம் வரை போய், அது வந்துவிட்டதை நம்பாமல், கையைத் தன் தொண்டையில் வைத்துப் பார்த்தான். மணி அடித்தது. அவர்கள் மூன்றாம் காலத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.